ஆலை நகரின் நடைவழிகள்: அகமதாபாத் கற்பிக்கும் பாடம்

ஒரு நகரத்தை வாழவைத்த தொழில் நலிந்துவிட்டால், அந்நகரம் எதனைக் கொண்டு எழுவது? இக்கேள்வியை எதிர்கொண்ட நகரங்கள் உலகில் பல. அமெரிக்காவின் லோவெல் நகரம் பருத்தி ஆலைகளால் புகழ்பெற்றுப் பின்னர் வேலையின்மையில் ஆழ்ந்தது. 1978ஆம் ஆண்டில் அதன் ஆலைகளும் கால்வாய்களும் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. கால்வாய்க் கரைகள் நடைவழிகளாயின. ஆலையின் நெசவுக்கூடம் அருங்காட்சியகமாயிற்று. இந்தியாவில் இதே கேள்விக்கு விடை தேடிய நகரங்களுள் முதன்மையானது குஜராத்தின் அகமதாபாத். அந்நகரம் கண்ட விடையின் நிறைவும் குறையும் இவ்வுரையில் எடுத்துரைக்கப்படுகின்றன.

ஆலைகளின் எழுச்சி

சபர்மதி ஆற்றின் கீழ்க்கரையில் 1411ஆம் ஆண்டில் முதலாம் அகமது ஷா நிறுவிய இந்நகரம் நெடுங்காலமாகவே நெசவுக்கும் வாணிகத்துக்கும் பேர்பெற்றது. இங்கு முதல் நூற்பாலையை 1861இல் தொடங்கியவர் ரண்சோட்லால் சோட்டாலால். துறைமுகம் இல்லாத உள்நாட்டு நகரில் ஆலைத்தொழில் தழைத்ததற்குக் காரணங்கள் உண்டு. சுற்றுப்புறத்தில் பருத்தி விளைந்தது. 1864இல் இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. ஆலைகளுக்கு வேண்டிய மூலதனத்தின் பெரும்பகுதி உள்ளூர் மக்களின் வைப்புத் தொகைகளிலிருந்தே திரண்டது. அயல்நாட்டு முதலாளிகளை இந்நகரம் எதிர்பார்க்கவில்லை. ‘இந்தியாவின் மான்செஸ்டர்’ என்ற பெயர் இவ்வாறு அதற்கு வாய்த்தது. ஆலைத்தொழில் உச்சத்தில் இருந்தபோது அறுபதுக்கும் மேற்பட்ட ஆலைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் பணிபுரிந்தனர்.

இந்தியத் தொழிற்சங்க வரலாற்றிலும் இந்நகருக்குத் தனி இடம் உண்டு. கொள்ளைநோய்க் காலத்தில் வழங்கப்பட்ட ஊக்கத்தொகை நிறுத்தப்பட்டதும், 1918இல் தொழிலாளர்கள் 35 விழுக்காடு ஊதிய உயர்வு கோரினர். முதலாளிகள் 20 விழுக்காட்டுக்கு மேல் தர இசையவில்லை. தொழிலாளர் பக்கம் காந்தியடிகளும் அனசூயா சாராபாயும் நின்றனர். எதிர்த்தரப்பில் நின்றவர்களுள் அனசூயாவின் உடன்பிறந்தவரான அம்பாலால் சாராபாயும் ஒருவர். ஆற்றங்கரையில் ஒரு கருவேல மரத்தடியில் நாள்தோறும் கூட்டம் நடந்தது. காந்தியடிகளின் உண்ணாநோன்பு மார்ச் திங்களில் நடுவர் தீர்ப்புக்கு வழி வகுத்தது. மஜூர் மகாஜன் எனப்படும் ஜவுளித் தொழிலாளர் சங்கம் 1920இல் உருவாயிற்று. அச்சங்கத்தின் மகளிர் பிரிவிலிருந்து 1972இல் ‘சேவா’ என்னும் சுயதொழில் புரியும் மகளிர் சங்கத்தை இலா பட் தோற்றுவித்தார்.

வீழ்ச்சி

1980களிலும் 1990களிலும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பழைய இயந்திரங்கள் புதுப்பிக்கப்படவில்லை. சூரத், பிவண்டி போன்ற இடங்களின் விசைத்தறிகள் குறைந்த செலவில் துணி நெய்தன. செயற்கை இழைத் துணிகளை மக்கள் விரும்பினர். 1985ஆம் ஆண்டு ஜவுளிக் கொள்கை ஆலைகளையும் விசைத்தறிகளையும் நேருக்கு நேர் போட்டியில் நிறுத்தியது. நிலையான ஊதியமும் சேமநலநிதியும் பெற்றுவந்த தொழிலாளர்கள் ஆட்டோ ஓட்டவும் தெருவோரக் கடை வைக்கவும் தலைப்பட்டனர். அவர்களுடைய மனைவியரும் பிள்ளைகளும் வீட்டிலிருந்தே துண்டுவேலை செய்து குடும்பத்தைத் தாங்கினர்.

பழைய நகரின் வழி

இந்நிலையில், 1997ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் மாநகராட்சி ‘பாரம்பரிய நடை’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. நாள்தோறும் காலையில் காலுப்பூர் சுவாமிநாராயணன் கோயிலில் புறப்படும் குழு, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சந்துகளின் ஊடே நடந்து ஜாமி மசூதியை அடைகிறது. கோயில் 1822இலும் மசூதி 1424இலும் கட்டப்பட்டவை. இவ்விரண்டுக்கும் இடையே சமணக் கோயில்களும், ‘போள்’ எனப்படும் குடியிருப்புகளும் உள்ளன.

ஒரே வாயிற்கதவுக்குள் பல குடும்பங்கள் கூடி வாழும் சிற்றூர் போன்றது போள். மரச்சிற்ப வேலைப்பாடு மிக்க முகப்புகள், பறவைகளுக்குத் தானியம் வைக்கும் உயர்ந்த கம்பக் கூண்டுகள், முற்றத்துக்கு அடியில் மழைநீரைச் சேமிக்கும் தொட்டிகள் ஆகியவற்றை இங்கே காணலாம். நடையைக் காண வந்தவர்களால் போள்வாசிகளுக்கும் தங்கள் வீடுகளின் அருமை விளங்கலாயிற்று. பழைய வீட்டை இடிக்காமல் காப்பவர், தாம் பயன்படுத்தாத கட்டட உரிமையைப் பிறருக்கு விற்றுப் பொருள் பெறவும் விதி செய்யப்பட்டது. 2017ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் இப்பழைய நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இத்தகுதியைப் பெற்ற முதல் இந்திய நகரம் இதுவே.

ஆற்றின் வழி

இரண்டாவது வழி ஆற்றங்கரை. சபர்மதி பருவத்தில் மட்டுமே ஓடிய ஆறு. கோடையில் அதன் மணலில் காய்கறி பயிரிட்டனர்; சலவைத் தொழிலாளரும் சாயமிடுவோரும் அங்கே பிழைத்தனர். இன்று வாசணா தடுப்பணை தேக்கும் நர்மதைக் கால்வாய் நீரால் நகருக்குள் ஆறு நிறைந்து காணப்படுகிறது. 2005இல் தொடங்கிய பணியின் பயனாக இரு கரைகளிலும் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளத்துக்கு நடைபாதைகள் அமைந்தன. 2012இல் அவை மக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. மரப்பாலம் 1875 வெள்ளத்தில் அழிந்தபின் 1892இல் இரும்பால் எழுப்பப்பட்ட எல்லிஸ் பாலத்தை இப்பாதையில் நடப்போர் காணலாம். 2022இல் நடப்போருக்கென்றே ஒரு புதிய பாலமும் திறக்கப்பட்டது.

மேல்கரையில் காந்தியடிகள் 1917முதல் வாழ்ந்த ஆசிரமம் உள்ளது. சார்லஸ் கொரியா வடிவமைத்த நினைவு அருங்காட்சியகம் 1963முதல் அங்கே இருக்கிறது. 1930 மார்ச் 12ஆம் நாள் 78 தொண்டர்களுடன் காந்தியடிகள் இங்கிருந்துதான் தண்டிக்குப் புறப்பட்டார். முதல் இரவு அஸ்லாலி சிற்றூரில் தங்கினார். ஏறத்தாழ 385 கிலோமீட்டர் நீண்ட அவ்வழியில் இன்றும் நடந்து செல்பவர்கள் உண்டு. நகருக்கு வெளியே, வடக்கே அடாலஜ் படிக்கிணறும், தென்மேற்கே சர்கேஜ் கட்டடத் தொகுதியும் வரலாற்று மாணவர்களை ஈர்க்கின்றன. தோள் ஏரியும் நள் சரோவரும் குளிர்காலத்தில் வலசைப் பறவைகளால் நிறைகின்றன.

விடுபட்ட வழி

இச்சாதனைகளைப் பாராட்டும்போதே இரண்டு செய்திகளை மறத்தலாகாது. முதலாவது, ஆற்றங்கரை நடைபாதைக்காகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் குடிபெயர்க்கப்பட்டன. அவர்களுக்கு மாற்று வீடுகள் தரப்பட்டமை உண்மையே. ஆயினும் அவற்றுள் பல நகரின் விளிம்பில் அமைந்தன. வேலைக்கு நடந்து சென்றவர் பேருந்துக்குச் செலவிட நேர்ந்தது; பிள்ளைகளின் பள்ளி தொலைவாயிற்று. நடப்பதற்கென அமைத்த பாதை, நடந்தே பிழைத்தவர்களை அப்புறப்படுத்தியது.

இரண்டாவது, மேற்கூறிய வழிகள் எவையும் ஆலைப்பகுதியைத் தொடுவதில்லை. மேல்கரையில் லெ கார்பூசியே வடிவமைத்து 1954இல் கட்டிய ஆலை முதலாளிகள் சங்கக் கட்டடத்தைக் கட்டடக்கலை மாணவர்கள் தேடிச் சென்று காண்கின்றனர். கிழக்கே கோம்திப்பூரிலும் சரஸ்பூரிலும் அசர்வாவிலும் தொழிலாளர் வாழ்ந்த வரிசைவீடுகளையும், எஞ்சி நிற்கும் புகைபோக்கிகளையும் காண்போர் சிலரே. பல ஆலைகளின் நிலம் விற்கப்பட்டு அடுக்குமாடிகளும் அங்காடிகளும் எழுந்துவிட்டன. நகரத்தைத் தாங்கிய உழைப்பின் சுவடே நகரத்தின் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெறாமல் போகும் நிலை உருவாகியுள்ளது.

இதனைத் திருத்தப் பெருஞ்செலவு தேவையில்லை. அசர்வாவில் 1499ஆம் ஆண்டைச் சேர்ந்த தாதா ஹரீர் படிக்கிணறு உள்ளது. அதனைக் காண வருவோரை அருகிலுள்ள ஆலைத் தெருக்களின் வழியே நடத்திச் சென்று, பத்ரா பகுதியிலுள்ள தொழிலாளர் சங்க இல்லத்தில் முடியும் ஒரு வழியை வகுக்க இயலும். ஆலை நிலம் கைமாறுவதற்கு முன்பே புகைபோக்கி, நெசவுக்கூடம், வாயில் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அவற்றுள் ஒரு பகுதியையேனும் காக்க வேண்டும் என்ற நிபந்தனையை நகரமைப்பு அலுவலர்கள் விதிக்கலாம். வழிகாட்டும் பணியையும் அதன் வருவாயையும் முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுக்கே அளிக்கலாம்.

இவற்றுள் காலத்தை எதிர்நோக்கிக் காத்திராதது ஒன்று உண்டு. 1985இல் முப்பது வயதில் வேலை இழந்த நெசவாளர் இன்று எழுபதை எட்டியவர். தறியின் ஓசைக்கிடையே சைகையால் பேசிக்கொண்ட முறை, சங்கு ஊதியதும் தெரு நிறைந்த காட்சி, கதவடைப்பு நாளில் கடைக்காரர் கடன் கொடுத்த கணக்கு ஆகியவை எந்தப் பதிவேட்டிலும் இல்லை; அவர் நினைவில் மட்டுமே உள்ளன. வரலாறு, சமூகவியல் பயிலும் மாணவர்கள் விடுமுறையில் ஓர் ஒலிப்பதிவுக் கருவியுடன் அவ்வீடுகளுக்குச் சென்றால் அவை காக்கப்படும். கட்டடம் சிதைந்தால் பழைய படத்தைக் கொண்டு மீண்டும் எழுப்பலாம். நினைவு மறைந்தால் மீட்பதற்கு வழியில்லை.

நடைவழி என்பது சுற்றுலாவுக்கான வசதி மட்டுமன்று. ஒரு நகரம் எவரைத் தன் முன்னோர் என ஏற்கிறது என்பதற்கு அது சான்று. மன்னர் கட்டிய மசூதியும் வணிகர் கட்டிய கோயிலும் பெற்ற இடத்தை, தொழிலாளர் உழைத்த ஆலையும் பெறும்போதே அகமதாபாத்தின் வழி நிறைவு பெறும். கான்பூர் முதல் மும்பை வரை ஆலைகள் ஓய்ந்த நகரங்கள் அனைத்தும் இப்பாடத்தைக் காலம் கடவாமல் கற்றுக்கொள்வது நலம்.