எல்லைக்கல் திரும்பட்டும்
(வானொலி மறையுரை)



இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் நம் நாமக்கல் மாவட்டத்திலும் உண்டு. அவர்கள் வீடிழந்து வந்த கதையைக் கேட்டு நாம் கண்ணீர் விட்டிருக்கிறோம். இன்று, நாம் அதிகம் பேசாத இன்னொரு கதையைப் பேசுவோம்.

1990 அக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஒன்றுகூட அழைத்த விடுதலைப் புலிகள், இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேறக் கட்டளையிட்டார்கள். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. அந்த மாதத்தில் மன்னார் உட்பட வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் துரத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக்கொட்டில்களில் தஞ்சமடைந்தார்கள். அவர்கள் பேசியதும் தமிழ்தான். துரத்தியவர்கள் பேசியதும் தமிழ்தான். இடம்பெயர்ந்த வலியை அறிந்த நம் இனத்தின் பெயராலேயே இது நடந்தது.

ஒப்புரவு அருளடையாளத்தில் திருச்சபை நம்மிடம் மூன்றைக் கேட்கிறது: மனவருத்தம், அறிக்கை, பரிகாரம். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் செய்தியாளர்கள் முன் அன்ரன் பாலசிங்கம், அந்த வெளியேற்றம் தவறு என்று ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த அறிக்கை அது. பரிகாரமோ இன்னும் கடினமானது. 2009இல் போர் முடிந்தபின் திரும்பிய பலர் கண்டது இடிந்த சுவர்களும் காடு மண்டிய நிலமும். இருபது ஆண்டுகளில் பிள்ளைகள் புத்தளத்தில் வளர்ந்து வேரூன்றிவிட்டார்கள். வெறும் வார்த்தை அவர்களுக்கு வீடாகுமா?

சக்கேயுவை நினைப்போம் (லூக்கா 19:1-10). ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக அவர் சொன்னபோதுதான், அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததென்று ஆண்டவர் அறிவித்தார்.

நம் தேவனூர் நாட்டுக் காட்டு வரப்புகளுக்கு வருவோம். அண்ணன் நிலத்தின் எல்லைக்கல்லை நகர்த்திய தம்பி, திருப்பலியில் அவரைப் பார்த்துக் கைகூப்பிச் சமாதானம் சொன்னால் போதுமா? முதலில் கல் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். நமக்கு இழைக்கப்பட்ட அநீதியை எண்ணுவது எளிது. நம்மவர் இழைத்ததைச் சொல்வதற்கு அருள் வேண்டும்.

எனவே இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் செபமாலைக்குப் பின் ஒரு கேள்வியை நம்மிடமே கேட்போம்: நாம் பேச்சை நிறுத்திய அயலார் யார்? அவருக்கு நாம் திருப்பித் தர வேண்டியது எது? அதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் வாசலுக்குப் போவோம். பிறகு பீடத்துக்கு வருவோம். ஆமென்.