பொன்மாடத்தின் உச்சியில் ஒரு பெயர்

போலந்து நாட்டின் பழைய தலைநகரான கிராக்கோவ் நகரில், விஸ்துலா நதிக்கரையில் வாவெல் என்னும் குன்று உள்ளது. அதன்மீது அரண்மனையும் பேராலயமும் அருகருகே அமைந்திருக்கின்றன. அந்நாட்டு மன்னர் பலர் முடிசூடிய இடமும் அடக்கம் பெற்ற இடமும் இப்பேராலயமே. அதன் தென்புறத்தே, புறத்தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்த இரு சிற்றாலயங்களைக் காணலாம். அவற்றுள் பொன் போர்த்த மாடத்தை உடையது சிகிஸ்மண்ட் மன்னர் எழுப்பியது.

1515-ஆம் ஆண்டு அரசி பார்பரா காலமானார். அதன்பின் தம் குலத்தார்க்கென ஓர் அடக்கத்தலம் அமைக்க மன்னர் எண்ணங்கொண்டார். பிளாரன்சு நகரத்தவரான பார்த்தலோமியோ பெரெச்சி என்னும் சிற்பி 1517-இல் அதற்கொரு மாதிரியைச் செய்து காட்டினார். 1519-இல் தொடங்கிய வேலை 1533-இல் நிறைவெய்தியது.

வடநாட்டுக் கூரிய வளைவுகள் நிறைந்த பேராலயத்தினுள் நடந்து, வெண்கலக் கிராதியின் முன் வந்து நின்றால், வேறோர் உலகைக் காண்கிறோம். சதுரமான அறை, அதன்மேல் வட்டச் சுவர், அதில் எட்டு வட்டச் சாளரங்கள், அவற்றுக்கும் மேலே மலர்கள் செதுக்கிய மாடம். கீழே, செந்நிறச் சலவைக்கல்லில் தந்தை சிகிஸ்மண்டும், அவர் மைந்தர் சிகிஸ்மண்ட் அகஸ்துவும் ஒருவர்மேல் ஒருவராக, உறங்குவார்போல் சாய்ந்திருக்கின்றனர். 1572-இல் மறைந்த அம்மைந்தரோடு யாகெல்லோ மரபின் ஆண்வழி அற்றுப்போயிற்று. அவர் தமக்கை அல்லர், தங்கை அன்னாவின் கல்லறையும் இங்கேயே உள்ளது. மாடத்திற்குப் பொன் போர்த்தியவரும் அவரே.

ஆயினும், நிமிர்ந்து மாடத்தின் உச்சியை உற்று நோக்குவோர்க்கு அங்கே பொறித்த மற்றொரு பெயரும் புலப்படும். அது மன்னர் பெயரன்று. ‘பிளாரன்சு நகரத்துப் பார்த்தலோமியோ’ என்னும் தொழிலாளியின் பெயர். அரச குலத்தின் கல்லறைகளுக்கெல்லாம் மேலே, தம் பெயரோடு தம் ஊரையும் அவர் பொறித்துவைத்தார். பிறந்த ஊர் திரும்பி வாழும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1537-இல் கிராக்கோவிலேயே கொலையுண்டார்.

பிழைப்பை நாடி வேற்றூர் சென்றோர், அங்கே தம் உழைப்பை முழுமையாக அளித்த பின்பும் சொந்த ஊரின் பெயரை நெஞ்சில் சுமந்திருப்பது இயல்பு. நேயர்களில் பலர் அதனை நன்கறிவீர்கள். பெரெச்சி அதனைக் கல்லில் எழுதினார், அவ்வளவே வேறுபாடு.