சாயம் போகுமா, போகாதா?



சென்னிமலையில் போர்வை எடுக்கப் போனால், விலை கேட்கும் முன்பே நம்மவர்கள் கேட்பது, "சாயம் போகுங்களா?" காதில் சீழ் வடிகிற குழந்தைக்கு எந்த மருந்து என்று தெரிந்துகொள்ள, பரிசோதனைக்கூடமும் ஏறக்குறைய இதைத்தான் முதலில் கேட்கிறது.

செவிப்பறையில் ஓட்டை விழுந்து வாரக்கணக்கில் காது ஒழுகினால், மருத்துவர் காதுக்குழியைத் துடைத்துவிட்டு, உள்ளிருந்து வரும் சீழைச் சுத்தமான பஞ்சுக்குச்சியில் தொட்டெடுப்பார். துடைக்காமல் எடுத்தால் தோலில் சும்மா குடியிருக்கிற கிருமிகளும் ஒட்டிக்கொண்டு வந்து ஆளை மாற்றிக் காட்டிவிடும். அந்தச் சீழைக் கண்ணாடிச் சில்லில் தடவி, ஊதாச் சாயம் ஏற்றி, அயோடின் விட்டு, ஆல்கஹாலில் அலசி, கடைசியாகச் சிவப்புச் சாயம் விடுவார்கள். டென்மார்க்காரர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் சொன்ன வழியை ஒட்டியது இது. திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரர் பார்த்தால் உடனே பிடிபட்டுவிடும். அலசியும் ஊதா போகாமல், கொத்துக் கொத்தாக உருண்டைகள் நின்றால் ஸ்டைபிலோகாக்கஸ் என்ற கிருமியாக இருக்கலாம். ஊதா போய்ச் சிவப்பேறிய குச்சிகள் தெரிந்தால் சூடோமோனாஸ் மேல் சந்தேகம் விழும். நம் நாட்டில் நாள்பட்ட காதுச் சீழில் அதிகம் அகப்படுபவை இந்த இரண்டும்தான்.

சந்தேகம் போதாதே, சாட்சி வேண்டும். மீதிச் சீழ், ஆட்டு ரத்தம் கலந்த அகார் தட்டுக்குப் போகிறது. அகார் வேறொன்றுமில்லை, கடற்பாசிக் கூழ். மண்டபம் கரையோரத்தில் பெண்கள் மூழ்கி எடுக்கிற பாசியிலும் அது உண்டு. 37 டிகிரி சூட்டில் ஒரு ராத்திரி வைத்தால் காலையில் கிருமி திட்டுத்திட்டாக வளர்ந்திருக்கும். ஸ்டைபிலோகாக்கஸ் ஆரியஸ் பெரும்பாலும் பொன்னிறம். ரத்தத்தின் பிளாஸ்மாவில் விட்டால் அதைத் தயிராக உறைய வைக்கும். சூடோமோனாஸ் வளர்ந்த தட்டு பச்சை பாய்ந்திருக்கும். மூடியைத் திறந்தால், நம்புங்கள், பழுத்த திராட்சை வாசம்!

அடுத்து, அந்தக் கிருமியைப் புதிய தட்டில் பரவலாகத் தடவி, ஒவ்வொரு மருந்திலும் நனைத்த சிறு காகித வில்லைகளை அதன் மேல் வைத்து மறுபடி வளர விடுவார்கள். எதைச் சுற்றிப் போதிய அளவு வெற்றிடம் விழுகிறதோ அந்த மருந்து கேட்கும். இந்த முறையை பாயர், கிர்பி ஆகிய ஆய்வாளர்கள் ஒழுங்குபடுத்தி வெளியிட்டது 1966-இல். நம் கோவை மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே வருடம்.

இவ்வளவு பாடு எதற்கு? கடையில் சொல்லி வாங்குகிற அமாக்ஸிசிலின் சூடோமோனாஸிடம் செல்லவே செல்லாது. அந்தக் கிருமிக்கு ஈரம் கண்டால் கொண்டாட்டம் வேறு. ஓட்டை விழுந்த காதோடு பிள்ளை கீழ்பவானி வாய்க்காலில் முங்கிக் குளித்தால் கேட்கவே வேண்டாம். கோழி இறகில் குடைவதும், பூண்டெண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் நம் பாட்டிமார் பாசத்தில் செய்ததுதான். ஒழுகுகிற காதுக்கு அது ஆகாதுங்க.

காது இரண்டு வாரத்துக்கு மேல் ஒழுகினால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். போகிற அன்று காதில் எண்ணெயோ, கடையில் வாங்கிய சொட்டு மருந்தோ விட வேண்டாம். முன்பே ஏதாவது மருந்து விட்டிருந்தால், திட்டுவாரோ என்று மறைக்காமல் அதன் பெயரைச் சொல்லிவிடுங்கள். மருந்தில் கிருமி அடங்கியிருந்தால் தட்டில் ஒன்றுமே முளைக்காமல் போகலாம்.