அப்பாவோட டிஃபன் பாக்ஸுக்கு மூணு பேரு

போன எபிசோட்ல, ஒரே சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வீடு வேற பேரு இருக்குன்னு பேசினோம். இன்னைக்கு எங்க வீட்டுக் கதை.

அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனியில வேலை பார்த்தார். காலை ஷிஃப்ட்னா டிஃபன் பாக்ஸ்ல ராத்திரி தண்ணி ஊத்தி வெச்ச சோறு, கூட ரெண்டு சின்ன வெங்காயம். அதை அப்பா 'பழையது'ன்னு சொல்வார். அம்மாவுக்கு ஆரம்பாக்கம் பக்கம். அதைத் தாண்டினா ஆந்திரா, தடா வந்துடும். அங்க நிறைய வீட்டுல தெலுங்குதான் பேச்சு. அதனால அம்மாவுக்கு அது 'சத்தன்னம்'. அந்தத் தண்ணிக்கு ஆயா வெச்ச பேரு 'நீராகாரம்'.

இன்னொரு பேரும் இருந்துச்சு. அது கம்பெனிக்கு மட்டும். யாராவது "என்ன சாப்பாடு?"ன்னு கேட்டா அப்பா சொல்றது, "தயிர் சாதம்." கொஞ்சம் மோர் ஊத்தியிருக்கும், அதனால முழுப் பொய்யும் இல்ல. நானும் இன்ஜினியரிங் காலேஜ்ல நாலு வருஷம் அதையேதான் சொன்னேன்.

அப்புறம் அப்பாவோட லைன்ல ஒடிசாவுல இருந்து ஒரு தம்பி வேலைக்குச் சேர்ந்தான். ஒரு நாள் டிஃபன் பாக்ஸை எட்டிப் பார்த்தவன், "பகாளா!"ன்னு கத்திட்டானாம். அவன் முகத்துல அவ்ளோ சந்தோஷம். ஒடிசாவுல மார்ச் 20-ஐ பகாள தினம்னே கொண்டாடுறாங்க. புரி ஜெகந்நாதருக்கும் அது படையல். அன்னைக்கே தண்ணி ஊத்தினா 'சஜா பகாளா', ராத்திரி முழுக்கப் புளிச்சா 'பாசி பகாளா'. இந்த 'பாசி'க்கு அர்த்தம் என்ன தெரியுமா? பழசு! நம்ம 'பழைய' இருக்கே, அதே வார்த்தைதான். அவனுக்கு அதைச் சொல்ல வெட்கமே இல்ல.

வங்காளத்துல இதுக்குப் பேரு 'பாந்தா பாத்'. 2021 மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியா ஃபைனல்ல கிஷ்வர் சௌத்ரி அதைத்தான் செஞ்சாங்க. ஆனா தட்டு மேடைக்குப் போனது 'ஸ்மோக்ட் ரைஸ் வாட்டர்'ங்கிற பேர்ல. எங்க அப்பாவோட 'தயிர் சாதம்' ஞாபகம் வந்துடுச்சு எனக்கு.

அப்போ பிரச்சனை 'பழைய'ங்கிற வார்த்தையில இல்ல. யார் முன்னாடி சொல்றோம்ங்கிறதுலதான் இருக்கு. அந்தத் தம்பி வந்தப்புறம் அப்பா லைன்ல 'பழையது'ன்னே சொல்ல ஆரம்பிச்சார். சூப்பர்வைசர் கேட்டா மட்டும் ரிட்டயர் ஆகுற வரைக்கும் தயிர் சாதம்தான்.

அவரைக் கிண்டல் பண்ற தகுதி எனக்குக் கிடையாது. போன வாரம் ஆபீஸ் பேன்ட்ரியில என் மேனேஜர் டப்பாவைப் பார்த்து, "என்னப்பா அது?"ன்னு கேட்டார். என் வாயில வந்தது, "கர்ட் ரைஸ் சார்."

உங்க வீட்டுல இதுக்கு என்ன பேரு? வெளியில கேட்டா என்ன சொல்வீங்க? ரெண்டையும் வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.