எலுமிச்சம்பழமும் கருமுட்டையும்
(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பேசியதன் சுருக்கம்)



2024ஆம் வருஷம் பங்குனி உத்திரத்தின்போது, நமது விழுப்புரம் ஜில்லா திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து முருகன் கோவிலில், வேலில் செருகியிருந்த 9 எலுமிச்சம்பழங்கள் 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஏலம் போயின. ஒரு பழம் மாத்திரம் 50,500 ரூபாய்! தின்றால் பிள்ளை பிறக்குமாம். வாங்கினவர்களைக் கேலி செய்ய நாம் வரவில்லை. அவர்களை அங்கே விரட்டுவது "மலடி" என்ற ஒரு சொல்லேயாகும். ஆகவே, அச்சொல்லுக்கு ஏதேனும் அர்த்தமுண்டா என்று பார்ப்போம்.

பிள்ளை உண்டாக, சினைப்பையில் ஒரு கருமுட்டை முதிர்ந்து வெளிவர வேண்டும். அது வெளிவந்து கர்ப்பம் தரிக்காவிட்டால், சுமார் 14 நாளில் மாதவிடாய் வரும். முட்டை ஒழுங்காக வெளிவராதவர்களுக்கு மாதவிடாயும் தள்ளித்தள்ளிப் போகும். இது சாபமுமல்ல, முன்ஜென்ம பாபமுமல்ல, சுரப்பிகளின் கோளாறு.

இதற்குக் குளோமிபீன் என்ற மாத்திரை 1961 முதல் வைத்தியர்களுக்குத் தெரியும். அதை 5 நாள் சாப்பிட்டால், உடலில் பெண் சுரப்புநீர் குறைந்துவிட்டதாக மூளை எண்ணிக்கொண்டு, சினைப்பையைத் தூண்டும் நீரை அதிகமாகச் சுரக்கச் செய்கிறது. கடைசி மாத்திரைக்குப் பின் 5 முதல் 10 நாளுக்குள் முட்டை வெளிவரும். ஆனால் முட்டை வருவது வேறு; கர்ப்பம் தரிப்பது வேறு.

"மருந்து தின்றால் முட்டையெல்லாம் தீர்ந்துபோகும், பிறகு தீட்டே நின்றுவிடும்" என்று திண்ணையில் பேசுகிறார்கள். இது வீண் பயம். மாதந்தோறும் பல முட்டைகள் வளரத் தொடங்கி, ஒன்று மாத்திரம் முதிர, மற்றவை தாமே அழிகின்றன. அப்படி அழியப் போவதில் ஒன்றிரண்டைத்தான் மருந்து முதிரச் செய்கிறது. மருந்து உண்ட மாதம் மாதவிடாய் சில நாள் முன்பின்னாக வரலாம், போக்குக் குறையலாம். மருந்தை நிறுத்தினால் பழைய கோளாறு உள்ளவர்களுக்குப் பழையபடியே தள்ளிப்போகும். அது மருந்து செய்த கேடல்ல. மருந்து கோளாறை வேரோடு நீக்குவதில்லை என்பதே அதன் பொருள். நாள் தள்ளினால் முதலில் கர்ப்பமா என்று சோதிக்க வேண்டும்.

மருந்தில் தீங்கே இல்லையென்றும் நாம் சொல்லவில்லை. இரட்டைப் பிள்ளை உண்டாகலாம், சினைப்பை வீங்கலாம். வயிறு உப்பி வலியும் மூச்சுத் திணறலும் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடையில் தாமே வாங்கி விழுங்கக் கூடாது.

லெட்ரோசோல் என்ற மற்றொரு மருந்தை இதற்குக் கொடுக்கக் கூடாதென்று இந்திய சர்க்கார் 2011இல் தடுத்தார்கள். சினைப்பைக் கட்டிகளுள்ள பெண்களுக்கு அது குளோமிபீனைவிட மேலானதென்று 2014இல் அமெரிக்காவில் நடந்த பரீட்சை காட்டியது. 100க்கு 27 பேருக்குமேல் பிள்ளை பெற்றார்கள். குளோமிபீனில் 19 பேரே. 2017இல் தடை நீங்கிற்று. பரீட்சை பார்த்துத் தன் முடிவை மாற்றிக்கொள்வதுதான் அறிவு. எலுமிச்சம்பழத்தை யார் பரீட்சித்தார்கள்?

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையில்லாக் குடும்பங்களில் ஏறக்குறைய பாதியில் ஆணிடமும் குறையிருக்கிறது. அப்படியிருக்க, பெண்ணுக்கு மாத்திரம் மருந்தும் மண்சோறும், ஆணுக்கு இரண்டாங் கல்யாணமா? முண்டியம்பாக்கம் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் பெண்ணை அனுப்புமுன் புருஷனும் கூடப் போய்ச் சோதித்துக்கொள்ளட்டும். சோதித்தும், மருந்துண்டும் பிள்ளை பிறக்காவிட்டால் அதனால் பெண்ணுக்கு ஒரு குறைவுமில்லை. அவள் மனுஷி, பிள்ளை பெறுவதற்கென்றே செய்து வைத்த பாத்திரமல்ல.