ஆர்டர் குறையும் வாரத்தில்



நாளைய பின்னலாடைச் சந்தை எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. திருப்பூருக்கு இது புதிதா? 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத ஏற்பாடு செய்யும்வரை திறக்கக் கூடாது என்றது. நிட்டிங் முடிந்த துணி சாயமேற வழியில்லாமல் முடங்கியது. தொழிலே அழிந்தது என்று புலம்பினார்கள். தீர்ப்பு நியாயமானது என்றே நான் சொல்வேன். நொய்யல் கரையில், சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையை ஒட்டி நிலம் வைத்திருந்த விவசாயி வருஷக்கணக்கில் கேட்டுப் போராடியது அதைத்தானே!

இன்று போய்ப் பாருங்கள். சாயத்தண்ணீர் நிறம் நீக்கப்பட்டு, ஆர்.ஓ. சவ்வுகளைக் கடந்து, 90 சதவீதத்துக்கு மேல் பட்டறைக்கே திரும்புகிறது. மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி உப்பையும் பிரித்தெடுக்கிறார்கள். தனி ஒரு பட்டறை தாங்குகிற செலவா இது? பலர் பங்கு போட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தியதால் தாங்கினார்கள். முதலாளி ஒருவரின் சாமர்த்தியத்தால் மட்டும் கம்பெனி பிழைத்துவிடாது ஐயா!

2020-ல் அடுத்த அடியாகக் கொரோனா வந்தது. பனியன் தைத்த மெஷினிலேயே முகக்கவசம் தைத்தோம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. அமெரிக்க ஆர்டரை மட்டுமே நம்பியிருந்தவர்கள் திணறினார்கள்.

என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். ஆர்டர் குறைந்தால் முதலில் எது குறைகிறது? பீஸ் ரேட்டில் ஓவர்லாக் ஓட்டும் பெண்ணின் சனிக்கிழமைச் சம்பளம். மளிகைக்கடைப் பாக்கி ஏறுகிறது, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் தள்ளிப்போகிறது. அடியை அந்த வீட்டின் தலையில் இறக்கிவிட்டு, கம்பெனி சமாளித்துவிட்டது என்று பேசுவது எந்த ஊர் நியாயம்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர் ரயிலேறிவிட்டால், ஆர்டர் திரும்பும் நாளில் தைக்கக் கை எங்கே?

தொழில் நடத்தும் நண்பர்களே, ஒரே பையரை நம்பி முழு உற்பத்தியையும் ஒப்படைக்காதீர்கள். ஓவர்லாக் தெரிந்தவருக்கு பிளாட்லாக்கும் செக்கிங்கும் சொல்லிக்கொடுங்கள். நல்ல சீசனில் ஒரு தொகையை ஒதுக்கி, வேலையில்லாத வாரத்திலும் பாதிச் சம்பளமாவது கொடுங்கள். சின்ன கம்பெனியால் தனியாக முடியாது என்பீர்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பங்கு போட்டவர்கள்தானே நீங்கள்? இந்த நிதிக்கும் அப்படியே பங்கு போடுங்கள். அடுத்த சீசன் தொடங்குவதற்குள் கூடிப் பேசுங்கள். தைக்கிறவர்களையும் அந்தக் கூட்டத்தில் உட்கார வையுங்கள்.