இல்லக் காவற் காமிராவும் அதனை வைக்கும் இடமும்
(கீழக்கரையில் நமது சங்கக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



நம் அங்கத்தினர் குடும்பங்களிற் பல, ஆண்மக்களை வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிவிட்டு, முதியோரும் பெண்டிருமாய் இவ்வூரில் வசிப்பன. ஆதலின் வீட்டுக் காவலுக்குக் காமிரா வைப்பது சாதாரணமாகிவிட்டது. எங்கே வைப்பது என்பதே நாம் ஆலோசிக்கத் தக்கது.

இக்கருவி இல்லத்திற் புகுந்த வரலாறு நமக்கும் பொருந்துவதே. நியூயார்க் நகரில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்னும் தாதி, தனித்திருக்கும் வேளையிற் கதவைத் தட்டுவோர் யாரென உள்ளிருந்தே காண ஓர் அமைப்பை வகுத்து, 1969-ம் வருஷத்தில் தம் கணவருடன் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் காமிராவை வைத்தது வாசற் கதவில். நாமும் முதலில் வைக்க வேண்டிய இடம் அதுவே.

பலர் அதனை மாடி விளிம்பில், எட்டாத உயரத்தில் மாட்டுகின்றனர். அங்கிருந்து நோக்கினால் வருபவனுடைய உச்சந்தலையே தெரியும். முகமில்லாப் படத்தால் யாது பிரயோசனம்? ஏழெட்டடி உயரம் போதும். கிழக்கு நோக்கிய வாசலாயின் காலை வெயில் நேரே விழுந்து முகத்தைக் கருநிழலாக்கும். சற்றே பக்கமாகத் திருப்புக. அடுத்து, கொல்லைக் கதவு, மொட்டைமாடிப் படி, பக்கத்துச் சந்து. கள்வன் தலைவாசலில் மணியடித்து வருவதில்லையன்றோ! இந்நான்கே பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானவை. எட்டு வாங்கினால் ஒன்று இனாம் என்னும் கடைப் பேச்சுக்குச் செவிசாய்க்க வேண்டுவதில்லை.

நமது கடற்கரையின் உப்புக்காற்று ஆணிகளையும் கம்பி இணைப்புக்களையும் அரித்துவிடும். ஆகையால் தாழ்வாரத்தின் கீழ் மாட்டி, மாதமொருமுறை கண்ணாடியைத் துடைத்தல் நலம். சிலந்தி வலை படிந்தால் இரவில் அதுவே வெண்மையாய் ஒளிர்ந்து படத்தை மறைக்கும்.

இனிச் சொல்லவிருப்பது சிலருக்குக் கசக்கலாம். வெளிநாட்டிலிருப்போர் சிலர் முற்றத்திலும் கூடத்திலும் காமிரா வைத்துக் கைபேசியிற் பார்த்துக்கொண்டிருக்க விரும்புகின்றனர். கள்வனுக்கென வாங்கிய கண், மனைவியையும் மருமகளையும் காவல் புரியத் தொடங்குகின்றது. இது தகாது என்பதே நம் அபிப்பிராயம். சகோதரர் இருவர் கூடி வாழ்ந்த வீட்டைப் பற்றிய வழக்கொன்றில், உடன் வசிப்பவர் சம்மதமின்றி வசிக்கும் பகுதியிற் காமிரா வைக்கலாகாதென்று கல்கத்தா ஹைக்கோர்ட்டார் 2025-ம் வருஷம் தீர்ப்பளித்தனர். அவ்வருஷமே சுப்ரீம் கோர்ட்டாரும் அதில் தலையிட மறுத்தனர். கூட்டுக் குடும்பத்தார் இதனைக் கவனிப்பாராக.

அயலார் விஷயமும் அவ்வாறே. நம்மூர்ச் சந்துகள் குறுகியவை. நம் காமிரா எதிர்வீட்டுச் சாளரத்தை நோக்குவது எளிது. மாட்டிய அன்றே அயலாரை அழைத்து, எது தெரிகின்றதெனப் படத்தைக் காட்டிவிடின் பின்னர்ச் சச்சரவு இராது.

கருவியுடன் வரும் பொதுவான கடவுச்சொல்லை அன்றே மாற்றுக. 2016-ல் 'மிராய்' என்னும் கெடுநிரல், அங்ஙனம் மாற்றப்படாத காமிராக்களுட் பலவற்றை உலகெங்கும் கைப்பற்றியது.

பதிவுப்பெட்டியை வாசலருகில் வையாது, உள்ளறை அலமாரியிற் பூட்டி, இன்வெர்ட்டரோடு இணைக்க. களவு நேர்ந்தாற் படத்தை உறவினர்க்கெல்லாம் அனுப்பிக்கொண்டிராமற் போலீசாருக்கு உடனே அறிவித்தல் வேண்டும். 2024 ஜூலை முதல் அமலிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவு, இத்தகைய பதிவுக்குச் சான்றிதழ் கோருகின்றது. பெட்டி நிறைந்ததும் பழைய பதிவு தானே அழிந்து புதியது ஏறுமாதலால், சில நாட் தாமதித்தாலும் வேண்டிய படம் கிடையாது போகலாம்.